மாப்பிள்ளை வாங்கிய சைக்கிள்

ஜகதீசனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதைப் பார்த்தாலும் ஆட்டிப் பார்ப்பார். கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தி மேசையை ஆட்டுவார். பேங்குக்குப் போனால் வரிசைக்காகக் கட்டிய கம்பியை ஆட்டுவார். ஒருமுறை கோயில் உண்டியலையே பிடித்து ஆட்டிவிட்டார். பூசாரி பார்த்த பார்வையில் அவர் மனைவி மங்கையர்க்கரசிக்கு மானம் போயிற்று. "எல்லாரும் சாமி கும்புட வந்துக்கிறாங்க, நீங்க இன்னா நட்டு போல்ட்டு பாக்க வந்தீங்களா?" என்று வீடு வரும்வரை அவருக்கு அர்ச்சனை நடந்தது. அவர் காதில் ஏறினால்தானே. முப்பத்தெட்டு வருஷம் தெலுங்குச் சீமையில் லாலாகுடா ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்த மனுஷன். ஆடுகிற சாமானைக் கண்டால் அவருக்குச் சோறு இறங்காது.

பட்டறையில் அவருடைய டோக்கன் நம்பர் 417. ஒரு வேலையை முடித்து, ஆட்டிப் பார்த்து, இனி இது போகலாம் என்று மனசு சொன்ன பிறகு, எண் உளியை வைத்துச் சுத்தியால் தன் நம்பரைத் தட்டிவிடுவது அவரோடு வேலை பார்த்தவர்களின் வழக்கம். நாளைக்கு அது கழன்று விழுந்தால் ஆளைத் தேடி அலைய வேண்டாம், நம்பர் அதிலேயே இருக்கும். அந்த வழக்கத்தை ஜகதீசன் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். கைப்பிடி போட்டுக் கொடுத்த கரண்டியில் 417. காலை ஒட்டவைத்த இரும்பு நாற்காலியில் 417. மகள் சுபாஸ்ரீயின் மூன்று சக்கர சைக்கிளில் 417. அவள் சின்னவளாக இருந்தபோது எந்தச் சாமானையும் தலைகீழாகக் கவிழ்த்து நம்பரைத் தேடுவாள். "நம்பர் இருக்கா? அப்ப உடையாது" என்று ரயில்வே குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்குத் தீர்ப்புச் சொல்வாள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவருக்கு ஒரு சாண் உயரம் கூடிப்போகும்.

அந்த சுபாஸ்ரீ வளர்ந்து, படித்து, கூட வேலை பார்த்த ஹர்ஷா என்ற தெலுங்குப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். ஹர்ஷாவின் அம்மா பூர்ணம்மா, 'பட்டறை வேலைக்காரன் வீட்டுப் பெண்ணா, அதிலும் தமிழ் பேசுகிற அரவக்காரர்களா' என்று ஆறு மாதம் முகம் கொடுக்காமல் இருந்து, பிறகு மகனுக்காக இறங்கிவந்தார். அப்படி இறங்கிவந்தவர்கள் வீட்டில் ஜகதீசன் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? ஹர்ஷா செகண்ட் ஹாண்டில் ஒரு கார் வாங்கி, பத்துப் பேரைக் கூப்பிட்டுத் தேங்காய் உடைத்தான். ஜகதீசன் பின்கதவை ஆட்டிப் பார்த்தார். விரலால் தட்டினார். "இது அடிபட்ட வண்டி அல்லுடுகாரு, டோருக்கு மறுபடி பெயிண்ட் அடிச்சிருக்கான்" என்று பத்துப் பேர் முன்னால் மாப்பிள்ளையிடம் சொன்னார். உண்மைதான் சொன்னார். மூன்று மாதம் மாப்பிள்ளை மாமனார் வீட்டுப் படி ஏறவில்லை. சுபா போனில் அழுதாள். மங்கையர்க்கரசி கற்பூரத்தை ஏற்றிவைத்து, அவர் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாள். "இனிமே மாப்ள வாங்கிக்கினு வர்ற பொருள் ஒடஞ்சி கொட்டுனாலும் சரி, நல்லாக்குதுன்னுதான் சொல்லணும். நம்ம பொண்ணு அங்க வாழணும்."

கற்பூரம் அணைந்தது. சத்தியம் அணையவில்லை.

அவர் ஓய்வு பெற்ற வருஷம் ஹர்ஷா சைக்கிள் வாங்கினான். உடம்பு பெருத்துவிட்டது, டாக்டர் சொன்னாராம். பெரிய மாலில், அரிசியும் பனியனும் டிவியும் ஒரே கூரையின் கீழ் விற்கிற கடையில், தள்ளுபடியில் எடுத்த சைக்கிள். ஆரஞ்சும் கறுப்புமாக ஜொலித்தது. இருபத்தொரு கியர். முன்னால் ஒரு ஸ்பிரிங், நடுவில் ஒரு ஸ்பிரிங். மலை ஏறுகிற சைக்கிள் என்று பெயர். அவன் வீடு இருக்கிற மாரெட்பள்ளியில் மலைக்கு எங்கே போவது என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் கீழ்க்குழாயில் எறும்பு எழுத்தில் ஒரு ஸ்டிக்கர் இருந்தது. ஜகதீசன் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு படித்தார். கரடுமுரடான பாதையில் ஓட்டக் கூடாது என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. மலை ஏறுகிற சைக்கிளில் மலை ஏறாதே என்று எழுதி விற்கிறவனுக்கு எவ்வளவு தைரியம் வேண்டும்!

அது போகட்டும். அவர் கண் போய் நின்ற இடம் வேறு. முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் முகம் திரும்பி நின்றது. சக்கரத்துக்கு முன்னால் இருக்க வேண்டிய பிரேக் பின்னால் இருந்தது. சட்டையை முன்பின்னாக மாட்டிக்கொண்டு வந்து நிற்பவனைப் போல அந்தச் சைக்கிள் நின்றது. கடையில் ஒரு நாளைக்கு இத்தனை என்று கணக்கு வைத்துச் சைக்கிள் பாகங்களைப் பூட்டுகிறவன், அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்ததை எடுத்தபடி மாட்டிவிட்டான். பார்த்தால் தெரிகிற தப்பையே விட்டவன், பார்த்தால் தெரியாத இடங்களில் என்னென்ன விட்டிருப்பான்?

"எலா உந்தி மாவய்யா?" எப்படி இருக்கிறது மாமா என்று ஹர்ஷா கேட்டான்.

மங்கையர்க்கரசியின் கால் கட்டைவிரல் அவர் பாதத்தின் மேல் ஏறி நின்றது.

"சூப்பர் உந்தி அல்லுடுகாரு" என்றார் ஜகதீசன். "நல்ல செலக்‌ஷன்."

இரண்டு வாரம் அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அதற்குள் தெய்வாதீனமாக ஹர்ஷாவை ஆபீசில் பூனாவுக்கு அனுப்பினார்கள். சுபா வேலைக்குப் போயிருந்த, பூர்ணம்மா சாப்பிட்டுக் கண்ணயர்ந்த ஒரு மத்தியானம், ஜகதீசன் அபார்ட்மெண்ட் செல்லாருக்குப் போனார். வண்டிகள் நிற்கிற அந்தக் கீழ்த்தளத்தில் வாட்ச்மேனிடம், "அல்லுடுகாரு எண்ணெய் போடச் சொன்னாரு" என்று ஒரு பொய். சைக்கிளை டிராலி ஆட்டோவில் ஏற்றி மெட்டுகுடாவில் தன் வீட்டு வாசலில் இறக்கினார். திருட்டுப் பொருளைக் கொண்டுவருகிறவனைப் போல மேலே ஒரு பழைய போர்வை வேறு.

முதலில் முன் சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு ஹேண்டில்பாரைத் திருப்பினார். சைக்கிள் தொழில் தெரிந்தவன் எவனும் முதலில் செய்வது அதுதான், இரண்டு நொடி வேலை. சக்கரம் அசையாமல் நின்றது, ஹேண்டில்பார் மட்டும் தனியாகத் திரும்பி வந்தது. ஓடுகிற வண்டியில் இது நடந்தால் ஓட்டுகிறவன் ஒரு பக்கம் திருப்புவான், சக்கரம் தன் பாட்டுக்கு நேரே போகும். ஜகதீசன் அப்படியே படியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். இரண்டு வாரம் மாப்பிள்ளை இதில்தான் போய்வந்துகொண்டிருந்தான்.

பிறகு ஒரு வாரம் அவருக்கு வேலை. ஃபோர்க்கைக் கழற்றி முகம் திருப்பினார். சக்கரத்தைப் பிரித்தால் உள்ளே பால்ரஸ் குண்டுகள் சொட்டு கிரீஸ் இல்லாமல் மொறமொறவென்று இருந்தன. ராணிகஞ்ச் கடைத்தெருவில் அலைந்து நல்ல குண்டுகள் வாங்கிப் போட்டார். சோப்புக்கட்டி மாதிரி இருந்த பிரேக் கட்டைகளைத் தூக்கி எறிந்து நல்ல கம்பெனிக் கட்டை போட்டார். கேபிள், செயின், இரண்டு டயர், பெடல் அச்சு எல்லாம் புதுசு. ரிம்மில் கோட்டம் எடுத்தார். நடு ஸ்பிரிங் கிடந்து ஆடிய இடத்துக்குப் பித்தளை புஷ் கடைய, சனத்நகரில் லேத் வைத்திருக்கிற பழைய சிநேகிதனிடம் இரண்டு பஸ் மாறிப் போனார். "சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்று மங்கையர்க்கரசி முணுமுணுத்தாள். ஆனால் அவளும் கிரீஸ் துணி துவைத்துக் கொடுத்தாள். ஆட்டிப் பார்த்து, மறுபடி ஆட்டிப் பார்த்து, மனசு சரி என்றபோது சைக்கிளைக் கவிழ்த்து, பெடல் சுழலுகிற இடத்துக்கு அடியில், யார் கண்ணும் போகாத இடத்தில், 417 தட்டினார். அதையாவது விட்டிருக்கலாம். கை கேட்கவில்லை.

ஹர்ஷா வந்து ஓட்டிப் பார்த்தான். வெண்ணெயில் கத்தி இறங்குவது போலப் போயிற்று. "சூசாரா மாவய்யா, பாத்தீங்களா, புது வண்டி கொஞ்சம் ஓடினா தானாவே செட் ஆயிடும். நான் சொன்னேன்ல?" என்றான்.

"ஹவ், ஹவ்" என்று ஆமாம் போட்டார் ஜகதீசன்.

இப்படி ஒரு வருஷம் போயிற்று. ஹர்ஷா ஊருக்குப் போகிற போதெல்லாம் மாமனார் செல்லாருக்குப் போவார். ஒருமுறை சீட்டு. ஒருமுறை கியர் கேபிள். கடைசியில் அந்தச் சைக்கிளில் கடைக்காரன் கொடுத்தது என்று சொல்ல ஃபிரேமும் ஆரஞ்சுப் பெயிண்டும்தான் மிச்சம். மாப்பிள்ளைக்கு எதுவும் தெரியாது. ஐம்பதாயிரம் கொடுத்து சைக்கிள் வாங்குகிறவர்கள் எல்லாம் முட்டாள்கள் என்று அபார்ட்மெண்ட் முழுவதும் பிரசங்கம் செய்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமனாருக்குப் போன் போட்டு, இன்றைக்கு உசேன் சாகர் ஏரியைச் சுற்றினேன், இன்றைக்கு முப்பது கிலோமீட்டர் என்று சொல்வான். பூர்ணம்மா "அன்னய்யகாரு" என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டு, சூடாக வடை கொண்டுவந்து வைப்பார். ஹர்ஷா கெட்டவன் இல்லை. பாராட்டினால் மலர்கிறவன், குற்றம் சொன்னால் சுருங்குகிறவன், அவ்வளவுதான். ஜகதீசனுக்கும் அந்த வடை பிடித்திருந்தது, அந்த அன்னய்யகாரு பிடித்திருந்தது. பொய்க்கு இவ்வளவு ருசி உண்டு என்பது அவருக்கு அறுபது வயசில்தான் தெரிந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். மறைத்தார், ஒரு வருஷம் மறைத்தார், எல்லாரும் ருசித்துச் சாப்பிட்டார்கள்.

சுபாவின் பிறந்த நாள் ஒரு சனிக்கிழமை வந்தது. சாயந்திரம் செல்லாரில் எல்லாரையும் கூடச் சொல்லியிருந்தான் ஹர்ஷா. பக்கத்து ஃபிளாட்காரர்கள், குழந்தைகள், கேக். நடுவில் துணி போட்டு மூடிய ஒன்று நின்றது. ஹர்ஷா துணியை இழுத்தான். அதே கடை, அதே மாடல். நிறம் மட்டும் நீலம். ஹேண்டில்பாரில் ரிப்பன் கட்டியிருந்தது. எல்லாரும் கைதட்டினார்கள்.

ஜகதீசன் கைதட்டவில்லை. நீலச் சைக்கிளின் ஃபோர்க் முகம் திரும்பி நின்றது.

அதே ஆள் பூட்டியிருக்கிறான், அல்லது அவனிடம் தொழில் கற்றவன். அப்படியானால் உள்ளேயும் அதே வேலைதான். அவர் முழங்கால்கள் தானாக முன்னால் நகர்ந்தன. சக்கரத்தை இடுக்கி ஒரு திருப்பு, இரண்டு நொடி. ஆனால் இருபது பேர் நிற்கிறார்கள். பூர்ணம்மா குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார். சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது.

"ரெண்டு நாள் நம்ம வீட்டுல இருக்கட்டுமே அல்லுடுகாரு" என்று தெலுங்கில் மெல்ல ஆரம்பித்தார். "கொஞ்சம் எண்ணெய் போட்டு..."

ஹர்ஷா சிரித்தான். கூட்டத்தைப் பார்த்து, "என் வண்டிக்கு ஒரு வருஷமா ஒரு சொட்டு எண்ணெய் விட்டதில்லை. எப்படி ஓடுதுன்னு மாவய்யாவையே கேளுங்க!" என்றான்.

எல்லாரும் மாவய்யாவைப் பார்த்தார்கள். "பாகா ஓடுது" என்று அவர் தமிழும் தெலுங்குமாக உளறினார். "அன்னய்யகாருவுக்குச் சும்மா உட்காரத் தெரியாது" என்று பூர்ணம்மா சொல்ல, செல்லாரே சிரித்தது.

கேக் வெட்டி முடிந்ததும் சுபா அவர் பக்கத்தில் வந்து நின்றாள். வெளியாட்கள் நடுவில் அப்பாவோடு ரகசியம் பேச அவளுக்குத் தமிழ்தான் வசதி, அம்மாவைத் தவிர அங்கே வேறு யாருக்கும் தமிழ் தெரியாது. மற்ற நேரத்தில் பாதி இங்கிலீஷும் பாதி தெலுங்குமாகப் பேசுகிறவள், சுத்தமாகத் தமிழில் கேட்டாள்.

"அப்பா, நாளைக்குக் காலையில அவரோட போறேன். இத ஓட்டலாமா?"

அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'வேணாம்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். யாருக்கும் புரிந்திருக்காது. அவள் கால் வலி, தலைவலி என்று ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பாள். ஜகதீசன் பார்த்தார். மகளுக்குப் பின்னால் மங்கையர்க்கரசியின் கண் தெரிந்தது. அதற்கும் பின்னால் ரிப்பனைச் சரிசெய்துகொண்டிருந்த மாப்பிள்ளையின் சந்தோஷம் தெரிந்தது. மூன்று மாதம் மூடிக் கிடந்த வாசல் ஞாபகம் வந்தது.

"மாப்ள பாத்துதானே எடுத்துக்கிறாரு. தாராளமா ஓட்டும்மா" என்றார்.

சுபா சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஒரு நிம்மதி இருந்ததை அவர் அப்போது கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும், போன் பண்ணிச் சொல்லிவிடலாமா என்று கேட்டார். "பொறந்த நாளும் அதுவுமா எதுக்கு? ஏழு மணிக்குத்தான் கெளம்புவாங்க. நீங்க ஆறு மணிக்குப் போயி இறுக்கிட்டு வந்துடுங்க" என்றாள் மங்கையர்க்கரசி. அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஒரு வருஷமாக அப்படித்தானே செய்து பழக்கம்.

காலை ஆறுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அவர் செல்லாரில் இருந்தார். பையில் இரண்டு ஸ்பானர், ஒரு சுத்தி, எண் உளி. ஆரஞ்சுச் சைக்கிளும் இல்லை, நீலச் சைக்கிளும் இல்லை. வெயிலுக்கு முன் திரும்பிவிட வேண்டும் என்று ஐந்தரைக்கே கிளம்பிவிட்டதாக வாட்ச்மேன் சொன்னான். ஜகதீசன் போனை எடுத்தார். சுபா எடுக்கவில்லை. மறுபடி போட்டார். மூன்றாவது தடவை ஹர்ஷா எடுத்தான். அவன் சொன்னது ஒன்றும் விளங்கவில்லை, மூச்சிரைப்புதான் கேட்டது. ஆஸ்பத்திரியின் பெயர் மட்டும் விளங்கியது.

காலனியிலிருந்து மெயின் ரோட்டுக்கு இறங்குகிற சரிவில் ஒரு வளைவு. சுபா ஹேண்டில்பாரைத் திருப்பியிருக்கிறாள். சக்கரம் திரும்பவில்லை. நேரே போய் டிவைடர் கல்லில் மோதி, ஆள் தூக்கி எறியப்பட்டாள். வலது மணிக்கட்டில் இரண்டு எலும்பு முறிந்தது. தகடு வைத்தார்கள். மோவாயில் ஏழு தையல். முன்பல் இரண்டு போயிற்று. பின்னால் வந்த ஸ்கூட்டர்காரன் சட்டென்று பிரேக் போட்டதால் உயிர் மிஞ்சியது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஹர்ஷா தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். "அதே சைக்கிள்தான் மாவய்யா. என்னுது ஒரு வருஷமா ஓடுது, ஒரு குறையும் இல்லை. அவளுது மட்டும் எப்படி?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். பூர்ணம்மா மகன் முதுகைத் தடவினார். "வண்டி என்ன பண்ணும்? பழக்கமில்லாத பிள்ளை, சரிவில் வேகமாக விட்டிருக்கும்" என்றார். சுபாவுக்கு ஓட்டத் தெரியவில்லை என்றே எல்லாரும் முடிவு கட்டினார்கள். ஏழு வயசில் குவார்ட்டர்ஸ் முழுக்கக் குரங்குப் பெடல் அடித்து ஓட்டிய பெண். அதைச் சொல்லக்கூட ஜகதீசனுக்கு வாய் வரவில்லை. பையை மடியில் வைத்து, உள்ளே ஸ்பானர்கள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தச் சுத்தியை எடுத்துத் தன் தலையிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

டிஸ்சார்ஜ் ஆனதும் சுபாவை மெட்டுகுடாவுக்கு அழைத்துவந்தார்கள். தையல் போட்ட வாய், பேச்சு அதிகம் இல்லை. அப்பா பழச்சாறு கொடுத்தால் குடித்தாள். அவர் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. மருந்து மயக்கம் என்று அவர் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

எட்டாம் நாள் ஹர்ஷா அபார்ட்மெண்ட் குரூப்பில் நீலச் சைக்கிளின் போட்டோவைப் போட்டு, ஒரே நாள் ஓட்டியது, வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதினான். வீட்டில் அதைப் பார்க்கவே பிடிக்கவில்லையாம். மூன்றாவது மாடிக்காரர் தன் பெண்ணுக்குக் கேட்டிருந்தார். போனில் இதைச் சொன்ன மாப்பிள்ளையிடம், "இருங்க, வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜகதீசன் ஸ்பானர் பையோடு ஆட்டோ ஏறினார். மங்கையர்க்கரசி வாசல்வரை ஓடிவந்து, "இன்னாங்க, சத்தியம்" என்றாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

செல்லாரில் ஹர்ஷா நின்றிருந்தான். ஜகதீசன் நீலச் சைக்கிளின் முன் சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கி, ஹேண்டில்பாரைத் திருப்பினார். அது தனியாகத் திரும்பியது. ரிப்பன் இன்னும் அதில் இருந்தது. பிறகு ஆரஞ்சுச் சைக்கிளை அதே மாதிரி இடுக்கித் திருப்பினார். மலை மாதிரி நின்றது. இரண்டின் ஃபோர்க்கையும் காட்டினார். ஆரஞ்சுச் சைக்கிளைக் கவிழ்த்து நம்பரைக் காட்டினார். பூனா, டிராலி ஆட்டோ, ராணிகஞ்ச், சனத்நகர் எல்லாவற்றையும் சொன்னார்.

மாப்பிள்ளை கத்துவான், மறுபடி படி ஏற மாட்டான் என்று எதிர்பார்த்துத்தான் வந்திருந்தார். ஹர்ஷா கத்தவில்லை. நீலச் சைக்கிளின் ஹேண்டில்பாரைத் தானே இரண்டு தடவை திருப்பிப் பார்த்தான். சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டான். பிறகு தெலுங்கில் கேட்டான்.

"அன்னிக்கு என் கார் கதவுல பெயிண்ட் அடிச்சிருக்குன்னு பத்துப் பேர் முன்னாடி சொன்னீங்க மாவய்யா. பெயிண்ட் அடிச்ச கதவால யாரும் சாக மாட்டாங்க. அதைச் சொல்லத் தெரிஞ்ச உங்களுக்கு, இதைச் சொல்லத் தெரியலையா?"

"நீங்க கோவிச்சுக்குவீங்கன்னு..." என்றார் ஜகதீசன்.

"கோவிச்சிருப்பேன்" என்றான் ஹர்ஷா. "மூணு மாசம் கோவிச்சிருப்பேன். அவ கை நல்லா இருந்திருக்கும்."

ஜகதீசன் அந்த இடத்திலேயே உட்கார்ந்து நீலச் சைக்கிளைப் பிரித்தார். ஃபோர்க்கைத் திருப்பினார். எல்லாவற்றையும் இறுக்கினார், ஆட்டிப் பார்த்தார். எண் உளியைக் கையில் எடுத்தார். சுத்தியை ஓங்கவில்லை. உளியைப் பையில் போட்டுக்கொண்டு, விற்க வேண்டாம், காயலான் கடைக்குப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார்.

வீட்டுக்கு வந்தபோது சுபா ஜன்னல் ஓரம் நின்றிருந்தாள். ஹர்ஷா போனில் எல்லாம் சொல்லியிருப்பான் என்பது பார்த்தவுடன் தெரிந்தது. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் முந்திக்கொண்டாள். பல் போன இடத்தில் காற்று வந்து வார்த்தைகள் குழறின.

"அவர் சைக்கிள்ல 417 இருக்குறது எனக்குப் போன வருஷமே தெரியும்பா. செயின் கழண்டுச்சுன்னு கவுத்தேன், பாத்தேன். எவ்ளோ சிரிச்சேன் தெரியுமா? அவருகிட்ட சொல்லல. சொன்னா வருத்தப்படுவாருன்னு."

ஜகதீசன் பையைக் கீழே வைத்தார்.

"அதனாலதான் அன்னிக்கு உன்னக் கேட்டேன். அவரக் கேக்கல, கடைக்காரன நம்பல. உன்னக் கேட்டேன். நீ ஓட்டுன்னு சொன்ன. எங்கப்பா ஏற்கெனவே பாத்துட்டாரு, அடியில நம்பர் இருக்கும்னு நெனச்சிட்டுப் போயிட்டேன்."

"சுபாம்மா..." என்றார். அவருக்கு அழுகை வந்தது. மங்கையர்க்கரசி சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சுபா தள்ளாடி ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். எட்டு நாளாகச் சரியான சாப்பாடு இல்லாத உடம்பு. ஜகதீசன் பதறிப்போய், மூலையில் இருந்த இரும்பு நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டார். அவள் மூன்றாவது படிக்கும்போது அவர் காலை ஒட்டவைத்த நாற்காலி. உட்காரும் பலகைக்கு அடியில் 417. இருபத்தைந்து வருஷமாக அந்தக் குடும்பத்தில் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்த நாற்காலி.

"உக்காரும்மா" என்றார்.

சுபா உட்காரவில்லை. கட்டுப் போட்ட கையை மார்போடு சேர்த்துக்கொண்டு, இடது கையால் நாற்காலியின் முதுகைப் பிடித்தாள். ஒருமுறை ஆட்டிப் பார்த்தாள். திருப்தியில்லாமல் இன்னொரு முறை ஆட்டிப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தாள்.